வால்தோவுக்கு நேர்ந்த மெழுகுதிரி

சிஞோரா எல்டா ஏணியில் ஏறி, வரவேற்பறைச் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்து ஒரு வெள்ளை நூற்சுருள் விழுந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மொனிகாவின் காலடியில் உருண்டு வந்து நின்றது. ஏணியை விட்டால் சிஞோரா விழுவார். விடாவிட்டால் குனிந்து எடுக்க முடியாது. செருப்பால் மூடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். புனிதருக்கென்று நேர்ந்த நூல். கால் தானாகவே பின்னுக்குப் போனது.

“அது என்ன?” என்று மேலிருந்து சிஞோரா இத்தாலியனில் கேட்டார்.

“நூல்.”

“தெரிகிறது. என்னுடைய படத்துக்குப் பின்னால் அது என்ன செய்கிறது?”

சிஞோரா எல்டா பல் வைத்தியர். மொனிகாவின் வயதுதான். எதைப் பார்த்தாலும் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பலேர்மோ நகரத்தில், பொலிதேயாமாவிலுள்ள அந்த மாடிவீட்டில் மொனிகா பல வருடங்களாக வேலை செய்கிறாள். இத்தனை காலத்தில் ஒரு கரண்டியைக்கூட இடம்மாற்றி வைத்ததில்லை. இப்போது இந்த நூல்.

பொய் சொல்வதற்கு வேண்டிய இத்தாலியன் சொற்கள் வரவில்லை. உண்மைக்கு வேண்டியவை இருந்தன. சொன்னாள்.

மகள் தர்சனாவுக்கு மாரிக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே குரலும் போனது. தொண்டைக்குள் இருக்கும் இரண்டு நாண்களில் ஒன்று அசையவில்லை என்றார் வைத்தியர். நரம்பு தானாக உயிர்பெறலாம், பெறாமலும் விடலாம் என்றார். நாள் முழுவதும் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை பக்கத்து அறையிலிருந்து தாய்க்கு வாட்ஸப்பில் ‘சாப்பாடு என்ன’ என்று எழுதத் தொடங்கினாள். வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தகப்பன் ஏர்னஸ்ற் அவளுக்குக் காது கேளாததுபோல உரத்துக் கதைத்தான். வீட்டில் எவருக்கும் அதைச் சொல்லித் திருத்த மனம் வரவில்லை.

மொனிகா மடு மாதாவுக்கு நேர்ந்தாள். அந்தோனியாருக்கு நேர்ந்தாள். பலேர்மோவைக் காக்கும் புனிதை றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாகச் சொன்னாள். மாதங்கள் போயின. ஒரு நாள் இந்தப் படத்தின் தூசியைத் துடைக்கும்போது அதிலிருந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தாடி. வெறுங்கால். தோளில் ஒரு பை. ஒரு கையில் புத்தகம், மற்றக் கை எதையோ கொடுத்துவிட்டுத் திறந்தபடி இருந்தது. கீழே ‘வால்தோ’ என்று எழுதியிருந்தது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. படம் பழசு, மங்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவருக்கு முன்னால் பூ இல்லை, விளக்கு இல்லை. இவரிடம் யாரும் வருவதில்லை போலும், கூட்டமில்லாத புனிதர், நான் கேட்டால் காதில் விழும் என்று அவளுக்குப் பட்டது.

அன்று பின்னேரம் தர்சனா நித்திரையாக இருந்தபோது, உச்சியிலிருந்து குதிவரை வெள்ளை நூலால் அளந்தாள். மன்னாரில் அவளுடைய ஊரில் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளையின் உயரத்துக்கு நூல், அந்த நூலே திரியாக ஒரு மெழுகுதிரி. அதைப் புனிதரின் கோயிலில், அவருடைய திருநாளில் ஏற்றுவார்கள். காரியம் நடக்கும்வரை நூல் அவருடைய பொறுப்பில் இருக்கவேண்டும். ஆகவே படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

கோடை முடிவில் நெரிசலான பஸ்ஸில் ஒருவன் தர்சனாவின் காலை மிதித்தான். “மிங்கியா!” என்றாள் தர்சனா. பலேர்மோக்காரர் மூச்சுக்கு மூச்சு சொல்லும் கெட்ட வார்த்தை. பஸ் முழுவதற்கும் கேட்டது. மிதித்தவன் மன்னிப்புக் கேட்டான். மொனிகா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அழுதாள்.

சிஞோரா ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு மொனிகாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“மோனிக்கா, இவர் புனிதர் இல்லை.”

“இன்னும் ஆக்கவில்லையா?”

“ஆக்கமாட்டார்கள். இவரைத் திருச்சபையிலிருந்து துரத்தினார்கள். நாங்கள் வால்தோவின் ஆட்கள், வால்தேசி. புனிதர்களிடம் கேட்பதை விட்டவர்கள் நாங்கள்தான்.”

மொனிகா நூலைப் பொறுக்கிக் கையில் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் பாடுபட்ட சிலுவை இல்லை, மாதா படம் இல்லை என்பதை அவள் எப்போதோ கவனித்திருந்தாள். படித்தவர்களின் வீடு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

“இவர் என்ன செய்தவர்?” என்று கேட்டாள். ஏதோ குற்றம் செய்த உறவினரைப் பற்றி விசாரிப்பதுபோல இருந்தது.

சிஞோரா கோப்பி போட்டுக்கொண்டே சொன்னார். லியோன் நகரத்து வியாபாரி. எண்ணூற்றைம்பது வருடங்களுக்கு முன். நல்ல பணக்காரர். ஒரு நாள் சுவிசேஷத்தில் ஒரு பகுதியைக் கேட்டார். ஒரு பணக்கார இளைஞன் இயேசுவிடம் வருகிறான். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்கிறார் இயேசு. இளைஞன் துக்கத்தோடு திரும்பிப் போய்விடுகிறான்.

“தெரியும்,” என்றாள் மொனிகா. ஒவ்வொரு வருடமும் பூசையில் கேட்கிற பகுதி.

“வால்தோ திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் கதை.”

ஆனால் அவ்வளவுதான் இல்லை. லத்தீன் தெரிந்தவர்களை வைத்துச் சுவிசேஷத்தைத் தெருவில் பேசுகிற பாஷையில் எழுதுவித்தார். மிச்சமிருந்ததை எல்லாம் கொடுத்தார். பிறகு சந்தியில் நின்று அதைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆயர்கள் பிரபுக்களைப்போல வாழ்ந்தார்கள். பிரசங்கம் செய்வது அவர்களுடைய உரிமை. வாயை மூடு என்றார்கள். மூடவில்லை. அவரைச் சேர்ந்தவர்கள் தச்சர், நெசவுகாரர், பெண்கள். பெண்களும் சந்தியில் நின்று சொன்னார்கள். புத்தகம் வைத்திருந்தால் ஆபத்து என்ற காலம் வந்தபோது முழுச் சுவிசேஷத்தையும் மனப்பாடம் செய்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் காதால் கேட்டுப் படித்தார்கள். பிடிபட்டவர்களை எரித்தார்கள்.

“படத்தில் இருக்கும் முகம் அவருடையதுதானா?”

“அவருடைய முகம் யாருக்குத் தெரியும்? வரைந்தவன் தன் மாமனாரைப் பார்த்து வரைந்திருப்பான்.”

மேசையில் சாய்த்து வைத்திருந்த படத்தை மொனிகா பார்த்தாள். திறந்த கையை இதுவரை ஆசீர்வதிக்கும் கை என்று நினைத்திருந்தாள். இப்போது அது வெறுமையான கை. அந்த வெறுமையிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. சிறுவயதிலிருந்து அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் இளைஞனுக்காகத்தான் அவள் பரிதாபப்பட்டிருந்தாள். யார்தான் கொடுப்பார்கள், நானும் கொடுக்கமாட்டேன் என்று மனம் ஆறுதலாக இருந்துவிடும். ஆயிரம் வருடங்களுக்குமேல் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரு மனிதர் வந்து நின்றிருக்கிறார். அவள் வாரந்தோறும் அவரைத் துணியால் துடைத்திருக்கிறாள்.

வாயை மூடச் சொல்லியும் மூடாதவர். அவரிடம்தான் போய்க் குரலைக் கேட்டிருக்கிறாள்.

“அவருடைய திருநாள் எப்போது?” என்று கேட்டாள்.

“திருநாள் இல்லை, மோனிக்கா. கோயிலில் மெழுகுதிரி வைக்கவும் மாட்டோம். நேர்த்தி என்ற ஒன்றையே அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். உன் மகளின் நரம்பு தானாக உயிர்பெற்றது. எனக்குச் சந்தோஷம். யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.”

நரம்பைப் பற்றி மொனிகாவுக்கும் தெரியும். வைத்தியர் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். வாக்குக் கொடுத்தவளுக்கு, வாங்கியவர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று ஊரில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது றோஸ்மேரியிடம் வாய் தவறிச் சொன்னாள். ஒரே ஊர்க்காரி, செபமாலைக் கூட்டத்தை நடத்துபவள்.

“திருச்சபை துரத்தின பதிதனுக்கோ நேர்ந்தனீ?” றோஸ்மேரி நெஞ்சில் கைவைத்தாள். “உள்ள புனிதர் காணாதெண்டோ?”

“தெரியாமல் நேர்ந்திட்டன் அக்கா.”

“தெரியாமல் பஸ் மாறி ஏறலாம். நேர்த்தியுமோ மாறி வைக்கிறது?”

“ஏறினாப் பிறகு இறங்க ஏலாமல் கிடக்கு. அதுதான் கவலை.”

“இறங்கடி! ஃபாதரிட்டப் போய்ச் சொல்லு.”

தமிழ்ப் பங்கைப் பார்க்கும் ஃபாதர் கேட்டுவிட்டு மென்மையாகச் சிரித்தார். “செல்லாத நேர்த்தி, பிள்ளை. உமக்குப் பாவமுமில்லை, பாரமுமில்லை. மனசு கேக்காட்டி அந்த மெழுகுதிரியை றொசாலியாவுக்கு ஏத்தும்.”

கால்சா என்ற பழைய பகுதியில், கடற்காற்றில் உப்புப் பூத்த சுவர்களுக்கு நடுவே இருந்த அவர்களுடைய கீழ்வீட்டுக்கு வந்து ஏர்னஸ்றிடம் சொன்னாள். அவன் ஒரு உணவகத்தில் சமையல் செய்கிறான். ஞாயிறு பின்னேரம் மட்டும் வீட்டில் இருப்பான்.

“பேந்தென்ன, முடிஞ்சுது,” என்றான்.

“ஒராளிட்டக் கடைசியாப் போய்க் கேட்டுப்போட்டு, குடுக்கிறதை அடுத்த வீட்டில குடுக்கிறதோ?”

“மொனி, அந்த மனுசனே மெழுகுதிரி வேண்டாமெண்டவர். வேண்டாமெண்டவருக்குக் கொண்டுபோய்த் திணிக்கிறது மரியாதையோ?”

அவன் சொன்னது சரியென்றே பட்டது. சரியென்று பட்டும் நெஞ்சு ஆறவில்லை. கார்த்திகை மழை தொடங்கியதும் தர்சனாவின் குரல் மறுபடி கம்மத் தொடங்கியது. அளவுக்குக் கூடக் கதைத்துவிட்டாள், ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார் வைத்தியர். மொனிகாவுக்கு அந்தச் சொல் காதில் ஏறவில்லை. பிள்ளை இருமினால் கையிலிருந்த வேலை நின்றது. குரலைத் திருப்பி எடுக்கிறவரல்ல வால்தோ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்ததைத் திருப்பி எடுக்கத் தெரியாத கை அது. ஆனாலும் பயம் அவரைப் பற்றியதல்ல, தன்னைப் பற்றியது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. வாங்கிக்கொண்டு, துக்கமும் படாமல், பேசாமல் திரும்பிப் போகிறவளாகத் தான் ஆகிவிடுவோமோ என்பதுதான் அந்தப் பயம்.

ஒரு பின்னேரம் தர்சனா தாயின் கைப்பைக்குள் பஸ் டிக்கெற் தேடினாள். நூற்சுருள் வந்தது. மொனிகா எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று.

“நான் நித்திரை கொள்ளேக்க அளந்தனீங்களோ?” கம்மிய குரலில் கத்தினாள். “மா தாய்!” எரிச்சலில் இத்தாலியன் வந்தது. “பிரேதத்தை அளக்கிற மாதிரி, அம்மா!”

“வாயைக் கழுவு.”

“சரி, ஆர் அந்த ஆள்?”

போனில் தேடத் தொடங்கினாள். நேரம் போகப்போக அவள் முகம் மாறியது. ஓய்வாக இருக்கச் சொன்ன குரலை மறந்து, வாசித்ததைத் துண்டு துண்டாகத் தாய்க்குச் சொன்னாள். பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டு வால்தோவின் ஆட்கள் ரோமாபுரிக்கே போயிருக்கிறார்கள். அங்கே படித்த குருமார் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அம்மா, எனக்கு அந்த மாதங்கள் எப்பிடி இருந்ததெண்டு தெரியுமோ? மற்றாக்கள் கதைச்சு முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறது. என்ர முறை வரேக்க அவங்கள் வேற கதைக்குப் போயிடுவாங்கள். எனக்குக் காய்ச்சலாலதான் வாய் அடைபட்டது. இவரை ஆக்கள் அடைக்கச் சொன்னவங்கள். நானெண்டால் அடைச்சிருப்பன்.”

மகள் அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு இருவரும் சிஞோராவின் கோயிலுக்குப் போனார்கள். எண்ணூற்றைம்பதாவது ஆண்டுக் கண்காட்சிக்காகத்தான் படம் கழற்றப்பட்டிருந்தது. பொலிதேயாமாவுக்குப் பக்கத்துத் தெருவில், கடைகளுக்கு நடுவே அந்தக் கோயில். மொனிகா வாசலில் தீர்த்தம் தொடக் கையை நீட்டினாள். தீர்த்தத் தொட்டி இல்லை. முழங்காலிட ஒரு பீடமும் இல்லை. வெள்ளைச் சுவர்கள், மர வாங்குகள், திறந்து வைத்த பெரிய வேதப்புத்தகம். முதலில் சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்ட வீடுபோல இருந்தது. சற்று நேரத்தில் அந்த வெறுமை வேறாகத் தெரிந்தது. படத்திலிருந்த திறந்த கையைக் கட்டடமாகக் கட்டியதுபோல.

முன்னால் தொங்கிய துணியில் ஒரு சின்னம் தைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் வாங்கைப் பிடித்துக்கொண்டாள். எரிகிற ஒரு மெழுகுதிரி. அதைச் சுற்றி ஏழு நட்சத்திரங்கள்.

“சிஞோரா, மெழுகுதிரி...”

“அது எங்கள் சின்னம். இருட்டில் வெளிச்சம் என்று அர்த்தம்.” சிஞோரா எல்டா தோளைக் குலுக்கினார். “தைப்போம். கொளுத்தமாட்டோம்.”

அன்று வேதபாகத்தை இத்தாலியனில் ஒருவர் வாசித்தார். பிறகு கானா நாட்டுப் பெண் ஒருத்தி எழுந்து தன் பாஷையில் வாசித்தாள். பிரசங்கம் செய்ததும் ஒரு பெண்தான், கட்டையாக வெட்டிய நரைமுடியோடு. தர்சனா தாயின் காதருகே குனிந்தாள்.

“அம்மா, நீங்கள் என்ர உயரத்துக்கு மெழுகுதிரியெண்டுதானே நேர்ந்தனீங்கள்?”

“ஓம்.”

“மெழுகுதிரிக்கு இஞ்சை இடமில்லை. என்ர உயரத்துக்கு நான் இருக்கிறன். நானே போய் நிக்கிறன். தமிழில சொல்லுறன்.”

“உனக்குத் தமிழ் வாசிக்கவே வராது.”

“வால்தோவின்ர ஆக்களுக்கும் எழுத்து வராதாமே. நீங்கள் சொல்லித் தாங்கோ, பாடமாக்கிறன்.”

அப்படித்தான் தொடங்கியது. மொனிகா வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரு வரி சொல்வாள். தர்சனா அதைத் திருப்பிச் சொல்வாள், பாதிச் சொற்கள் பலேர்மோச் சந்தையில் மீன் விற்கிறவன் இழுப்பதுபோல இழுபடும். ஏர்னஸ்ற் சிரிப்பான். “அந்தப் பணக்காரப் பெடியன் பலாரோச் சந்தையில கடை வைச்சிருந்தவனோ?” குரல் கம்மும்போது நிறுத்துவார்கள், சுடுதண்ணீர் குடிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள். சொல்லிக் கொடுக்கக் கொடுக்க மொனிகாவுக்குத் தன் வாயிலிருந்து வருவதே புதிதாகக் கேட்டது. இத்தனை வருடம் பூசையில் கேட்டது வேறு. அடுப்படியில், தன் சொந்தப் பேச்சின் தூரத்தில் வைத்துக் கேட்பது வேறு. இதைக் கேட்கத்தான் அந்த வியாபாரி தன் சொத்தைக் கொடுத்தாரா என்று நினைத்தபோது கத்தி கையில் அப்படியே நின்றது.

கோயிலில் சொல்லப் போகிற நாள் காலையில் தர்சனா நூலை அவிழ்த்து, ஒரு முனையைக் குதியால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழுத்தாள். அது நெற்றியோடு நின்றுவிட்டது.

“பாருங்கோ, வளந்திட்டன். உங்கட மெழுகுதிரி கட்டையாப் போயிருக்கும்.” நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். “அமுனீ,” என்றாள் பலேர்மோப் பேச்சில். “வெளிக்கிடுங்கோ.”

இத்தாலியன் வாசிப்பு முடிந்து அந்தப் பெண் போதகர் தலையசைத்ததும் தர்சனா எழுந்து முன்னால் போனாள். கையில் தாள் இல்லை. ஏர்னஸ்ற் சட்டைக் கொலரைச் சரிசெய்தான். மொனிகா சிஞோராவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

முதல் வரி தெளிவாக வந்தது. கோயிலில் எவருக்கும் புரியாத தமிழ் வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பியது. இளைஞன் வந்தான். கேள்வி கேட்டான். கட்டளைகள் எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன் என்றான். உள்ளதை விற்றுக் கொடு என்ற இடம் வந்தபோது குரல் கரகரத்தது. அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

மொனிகாவுக்கு அந்தக் காற்றின் சத்தம் தெரியும். அடுத்த வரி அவளுடைய நாக்கில் நின்றது. எழுந்து சொல்லிவிடலாம், பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். எழப்போனாள். தர்சனா அவளைப் பார்த்து மிகச் சிறிதாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

கோயில் காத்திருந்தது. ஒருவரும் இருமவில்லை, ஒருவரும் தண்ணீர் கொண்டு ஓடவில்லை. புரியாத ஒரு பாஷையின் அடுத்த சொல்லுக்காகக் கானாக்காரப் பெண் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தர்சனாவின் முறை போய்விடவில்லை, அது அவளுக்காக அங்கேயே இருந்தது. மொனிகா மறுபடி உட்கார்ந்தாள். எத்தனை சந்திகளில் எத்தனை பேர் இப்படித் தொண்டை அடைத்து நின்றிருப்பார்கள், பயத்தால், குளிரால். நின்ற இடத்தைவிட்டுப் போகாமல். தான் பெற்றுத் தூக்கி வளர்த்த பிள்ளை அந்த வரிசையின் கடைசியில் நிற்பதாக அவளுக்குத் தெரிந்தது. அம்மா என்று ஓடிப்போய்த் தொட முடியாத தூரத்தில், அவ்வளவு உயரமாக.

தர்சனாவின் விரல் நூலைச் சுற்றுவதை நிறுத்தியது. பிறகு குரல் வந்தது. பழைய குரல் அல்ல. தாழ்ந்து, உரசி, வயது கூடிய ஒரு பெண்ணுடையதுபோல. இளைஞன் துக்கத்தோடு போகும் வரியை அந்தக் குரலில் சொல்லி முடித்தாள். போய் உட்காரவில்லை. அவன் விட்டுப் போன இடத்தில் இன்னும் சற்று நேரம் நின்றாள்.

“இது நேர்த்தியா?” என்று சிஞோரா எல்டா மெல்லக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியாது, சிஞோரா,” என்றாள் மொனிகா.

பாடல் தொடங்கியது. தர்சனா வந்து வாங்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தொண்டை நோகுதோ பிள்ளை?”

“இல்லை. பசிக்குது.”

வெளியே போகும்போது வாசலருகே, கண்காட்சிக்குக் கொண்டுவந்த அந்தப் படம் தொங்கியது. மொனிகா நின்றாள். கை பழக்கத்தில் சிலுவை போட நெற்றிக்குப் போகத் தொடங்கி, பாதியில் இறங்கியது. ஒரு முகத்துக்கு முன்னால் நின்றால் ஏதாவது கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். உள்ளே தேடிப் பார்த்தாள். கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஏர்னஸ்ற் தெருவிலிருந்து கூப்பிட்டான், தர்சனா அவனுக்குப் பதில் சொல்லுவது உரசும் அந்தப் புதுக் குரலில் கேட்டது. மொனிகா இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.